பயணத்தில் கொலஸ்ட்ரோல் குளிசையைத் தவறவிடாமல் இருக்க: முதல்முறை போகிறவர்களுக்கான வழிமுறை

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா கதிர்காமத்துக்கு நடந்து போய்விட்டு வந்தார். வந்த அன்று அவருடைய துணிப்பையைக் கழுவ எடுத்தபோது அடியில் கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறை கிடந்தது. வியர்வையும் மழையும் பட்டு உறை கூழாகிப் போயிருந்தது. உள்ளே குளிசைகள் மாவாகி, தாளோடு ஒட்டிக் கிடந்தன. எண்ணிப் பார்க்க முடியவில்லை. ஆனால் உறை திறக்கப்படவே இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

“ஏன் அம்மா எடுக்கல்ல?” என்று கேட்டேன்.

“இவ்வளவு தூரம் நடக்கிற ஆளுக்கு என்ன கொலஸ்ட்ரோல் மனே?” என்றார்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். நடப்பது நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கை நம் ஈரலே செய்கிறது. கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கும் ஸ்டாடின் வகைக் குளிசை, ஈரல் அதைச் செய்யும் வேகத்தைக் குறைக்கிறது. குளிசையை நிறுத்தினால் ஈரல் பழைய வேலையைத் தொடங்கிவிடும், நீங்கள் நடந்தாலும் சரி, படுத்திருந்தாலும் சரி. ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் நாட்கணக்கில் விட்டால் கெட்ட கொலஸ்ட்ரோல் திரும்பவும் ஏறும். மாரடைப்பு வந்தவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள் இப்படி விடவே கூடாது.

படி 1: கிளினிக் திகதியைப் பாருங்கள், பிறகு எண்ணுங்கள்

உடுப்பு அடுக்குவதற்கு முன் கிளினிக் கொப்பியை எடுங்கள். அடுத்த திகதி பயணத்துக்கு நடுவில் விழுகிறதா? அப்படியானால் குறைந்தது ஒரு கிழமைக்கு முன்பே போய், டொக்டரிடம் பயண நாட்களைச் சொல்லி மருந்து கேளுங்கள். அங்கே முழுவதும் கிடைக்காவிட்டால், எழுதித் தரச் சொல்லி அரச பார்மசியான ஒசுசலவிலோ வேறு பார்மசியிலோ வாங்கிக்கொள்ளலாம்.

கணக்கு சுலபம். பயண நாட்களோடு ஏழைக் கூட்டுங்கள். 14 நாள் பயணம் என்றால் 21 குளிசை. மழைக்காலத்தில் பாதை மூடினாலும், போன வீட்டில் இன்னும் இரண்டு நாள் நிற்கச் சொன்னாலும் இந்த ஏழு குளிசை காப்பாற்றும்.

படி 2: குளிசையின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரியப்பா தன் மகள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொழும்புக்குப் போன இடத்தில் மருந்து முடிந்துவிட்டது. கையில் இருந்த உறையில் ‘இரவு 1’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. பார்மசியில் இருந்த பிள்ளை, “ஐயா, வெள்ளைக் குளிசை என்றால் எதைத் தருவது?” என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது சரிதான். அன்றிரவு பெரியப்பா குளிசை இல்லாமல்தான் படுத்தார். அடுத்த நாள் யாரோ வீட்டுக்குப் போய் கொப்பியைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் மருந்து கிடைத்தது.

ஆகவே கொப்பியில் மருந்து எழுதிய பக்கத்தைப் போனில் படமெடுத்து வையுங்கள். ஒரு துண்டுத் தாளிலும் எழுதிப் பணப்பையில் வையுங்கள், போன் சார்ஜ் இறங்கும் இடங்கள் உண்டு. கடைப்பெயரை அல்ல, மருந்தின் பெயரை எழுதுங்கள். நம் பக்கத்தில் அதிகம் கொடுப்பவை அட்டோர்வாஸ்டாடின், ரொசுவாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் ஆகிய மூன்றும்தான். பெயருக்குப் பக்கத்தில் எத்தனை மில்லிகிராம் என்பதும் இருக்க வேண்டும். அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராமும் ரொசுவாஸ்டாடின் 10 மில்லிகிராமும் ஒன்றல்ல, இரண்டாவதுக்கு வலிமை கூட. ‘அதே 10தானே’ என்று மாற்றி விழுங்க வேண்டாம்.

படி 3: எங்கே வைப்பது

கைப்பையில் வையுங்கள். பஸ்ஸின் மேல் தட்டில் ஏற்றும் பையிலோ, விமானத்தில் அனுப்பும் பெட்டியிலோ வேண்டாம். இரண்டு பேராகப் போகிறீர்கள் என்றால் மூன்று நாளுக்கான குளிசையை மற்றவரின் பையில் போடுங்கள்.

பெரும்பாலான குளிசைகளை 30 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். ஆடி வெயிலில் கண்ணாடி மூடிய வானுக்குள் சூடு 50 பாகையையும் தாண்டும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழேயும் அதே கதைதான். நிழலில், உடுப்புக்கு நடுவில் இருந்தால் போதும், ஐஸ் பெட்டி தேவையில்லை.

அட்டையில் இருக்கும் குளிசையை அட்டையிலேயே விடுங்கள். வெட்டுவதாக இருந்தால் பெயரும் காலாவதித் திகதியும் இருக்கும் பக்கத்தை வெட்டி எறியாதீர்கள். கடதாசி உறையில் வந்ததை, இறுக்கமாக மூடும் சின்னப் போத்தலுக்கு மாற்றி, பெயரெழுதி ஒட்டுங்கள். போன வருடம் அம்மாவின் குளிசை அப்படித்தான் போனது, ஒன்றுகூட நனையவில்லை.

படி 4: எந்த நேரம்?

சிம்வாஸ்டாடின் உடம்பில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். ஈரல் கொலஸ்ட்ரோலை அதிகம் செய்வது இரவில் என்பதால் அதை இரவில்தான் எடுக்க வேண்டும். அட்டோர்வாஸ்டாடினும் ரொசுவாஸ்டாடினும் நீண்ட நேரம் நிற்பவை. காலையோ இரவோ, சாப்பிட்டோ சாப்பிடாமலோ எடுக்கலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் சரி. இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறவர்கள் ரயில் ஏறுமுன் எடுத்துவிடலாம். இந்த இரண்டில் ஒன்றை எடுப்பவர்கள் யாத்திரையில் போனால் காலையில் பல் விளக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்வது இன்னும் சுகம், ஏனென்றால் மாலையில் களைத்து விழுந்தால் எதுவும் நினைவிருக்காது. நேரத்தை மாற்றுவது பற்றி கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மத்திய கிழக்குக்குப் போகிறவர்களுக்கு நேரக் கணக்கு பெரிய விடயமே இல்லை. கட்டாரும் சவூதியும் நமக்கு இரண்டரை மணித்தியாலம்தான் பிந்தியவை. இங்கே இரவு 9 மணிக்கு எடுத்தால் அங்கேயும் அந்த ஊர் 9 மணிக்கே எடுங்கள். கனடா, லண்டன் என்றாலும் அதே முறைதான். போய் இறங்கிய ஊரின் நேரத்துக்கு மாறுங்கள், இரண்டு குளிசைக்கு நடுவில் 12 மணித்தியாலத்துக்குக் குறையாமல் மட்டும் பாருங்கள். இது கொலஸ்ட்ரோல் குளிசைக்கு மட்டும்தான். இன்சுலின் போடுகிறவர்கள் நேர மாற்றத்தை டொக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

வெளிநாட்டுக்கு இன்னொன்று: ஊரவர் கொடுத்துவிடும் மருந்துப் பொதியை உங்கள் குளிசையோடு கலந்து கொண்டுபோகாதீர்கள். டிரமடோல், கோடீன் கலந்த வலிக் குளிசைகள் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. உங்கள் மருந்துக்கு உங்கள் பெயரில் எழுதிய துண்டு இருக்கட்டும்.

படி 5: ஒரு நாள் மறந்துவிட்டால்

அடுத்த குளிசைக்கு இன்னும் 12 மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் நினைவு வந்தவுடன் எடுங்கள். அதைவிடக் குறைவென்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுங்கள். இரண்டைச் சேர்த்து விழுங்கவே கூடாது.

படி 6: கால் உளைவு வந்தால்

யாத்திரைக்காரருக்கு இதுதான் முக்கியம். உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமணக் காட்டுக்குள் இறங்கி, குமுக்கன் ஆற்றைக் கடந்து, யால வழியாகக் கதிர்காமம் சேர்வதற்குள் பல நாள் நடக்க வேண்டும். கடையும் இல்லை, பார்மசியும் இல்லை. கால் உளைவு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் இந்தக் குளிசையும் சிலருக்குத் தசை நோவைத் தரும் என்பதால், உளைந்தவுடன் ‘எல்லாம் குளிசையால்தான்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அம்மாவும் கடைசியில் அதைத்தான் சொன்னார். திறக்கவே திறக்காத உறையைக் காட்டிய பிறகுதான் சிரித்தார்.

நடந்த உளைவு ஓய்வெடுத்தால், கால் நீட்டிப் படுத்தால் குறையும். கவனிக்க வேண்டியது வேறு. இரண்டு தொடையிலும் தோளிலும் சேர்ந்து நோவு, ஓய்வெடுத்தும் குறையாமல் கூடுகிறது, குந்தியிருந்து எழும்ப முடியாத பலவீனம், சிறுநீர் பிளேன்டீ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போகிறது. இப்படியென்றால் குளிசையை நிறுத்தி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரிதாக வருவதுதான், ஆனால் வந்தால் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். 1990 இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். காட்டுக்குள் இருந்தால், உடன் வருகிறவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். போகும் வழியெல்லாம் தண்ணீர் குடிப்பதையும் விடாதீர்கள்.

படி 7: வழியில் வேறு மருந்து எடுக்கும்போது

நெஞ்சுச் சளி என்று வழியில் டொக்டரிடம் போனால், “நான் கொலஸ்ட்ரோல் குளிசை எடுக்கிறேன்” என்று முதலில் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற அன்டிபயோட்டிக் சிம்வாஸ்டாடினோடு சேரவே கூடாது, அட்டோர்வாஸ்டாடினோடும் ஆபத்தைக் கூட்டும். ரொசுவாஸ்டாடின் எடுப்பவர்கள் வயிற்றெரிவுக்கு அன்டாசிட் குடிப்பதானால், குளிசை விழுங்கி இரண்டு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். ஜம்போலா (பம்பளிமாஸ்) பழத்தையும் சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் எடுப்பவர்கள் தவிர்ப்பது நல்லது, அது இரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டக்கூடும்.

படி 8: வீடு வந்ததும்

மிச்சக் குளிசைகளை எண்ணுங்கள். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தால் நான்கு நாள் விட்டிருக்கிறீர்கள். அதைக் கொப்பியின் ஓரத்தில் குறித்து, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் ஏச மாட்டார். சொல்லாமல் விட்டால், இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரோல் கூடியிருப்பதைப் பார்த்து, குளிசை போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடக்கூடும்.