பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இல்லத்தைச் சுற்றிப் பார்க்க வரும் குடும்பங்கள் பெரும்பாலும் காலை 11 மணி வாக்கில்தான் வருகின்றன. அந்த நேரத்தில் எல்லோரும் குளித்து, டிபன் முடித்து, நெற்றியில் விபூதியோடு ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். மேனேஜர் இருப்பார், டியூட்டி நர்ஸ் இருப்பார், தரை துடைத்த ஈரம்கூடக் காய்ந்திருக்காது. எந்த இல்லமும் நன்றாகத் தெரியும் நேரம் அது. சென்னையிலும் கோவையிலும் பணம் கட்டிச் சேர்க்கும் இல்லங்களில், மூன்றாம் மாதமே "இப்படி இருக்கும்னு நினைக்கலையே" என்று கலங்கும் பிள்ளைகள் பலரும் அந்தக் காலை நேரத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

இன்னொரு முறை போங்கள். இரவு சாப்பாட்டு நேரத்தில், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. "இன்று ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர்? படுக்கையோடு இருப்பவர்கள் எத்தனை பேர்?" என்ற இரண்டு கேள்விகளையும் நேராகக் கேளுங்கள். பதிலை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். எழ முடியாதவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்பி, டயப்பர் பார்த்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட ஒருவருக்கு 8 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 12 பேருக்கு 96 நிமிடம். 120 நிமிடத்தில் மிச்சம் 24. அதற்குள் ஒருவர் பெல் அடிப்பார், ஒருவர் பாத்ரூம் போக எழுந்திருப்பார். இதற்கு ஒரே ஓர் ஆயாதான் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேலை நடக்காது. தனி ஆளாகத் திருப்பும்போது அக்குளைப் பிடித்து இழுக்க வேண்டிவரும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே சதை மட்டும் நகரும். ஒரே இடம் அழுந்திக் கிடப்பதோடு இந்த இழுப்பும் சேர்ந்துதான் படுக்கைப் புண் வருகிறது. இரண்டு பேர் சேர்ந்து விரிப்போடு தூக்கித் திருப்பினால் இது நடக்காது.

அடுத்த தவறு, சேர்க்கும்போது உண்மையைக் குறைத்துச் சொல்வது. ராத்திரி எழுந்து நடமாடுவார், படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறது, கோபம் வந்தால் கையை ஓங்குவார் என்றெல்லாம் சொன்னால் சேர்க்க மாட்டார்களோ, கட்டணம் கூடுமோ என்ற பயம் புரிகிறது. ஆனால் அதை மறைத்தால், கழிப்பறைக்குத் தூரமான அறையில் கட்டில் போடுவார்கள்; முதல் வாரமே விழுவார். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: மாத்திரைப் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, எந்தக் காது கேட்கும், ராத்திரி எத்தனை மணிக்கு எழுவார், என்ன சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். "தாத்தா" என்றால் முகம் சுளிப்பவர் "சார்" என்றால் சாப்பிட வருவார். இது சின்ன விஷயம் இல்லை. சேர்க்கும் நாளில் அவர்கள் எடைமெஷினிலேயே எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதுகு, இடுப்பு, குதிகால் எப்படி இருக்கின்றன என்று நர்ஸும் நீங்களும் சேர்ந்து பார்த்து எழுதிக் கையெழுத்திடுங்கள். பின்னால் "வரும்போதே இருந்தது" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

ஒப்பந்தத்தில் மாதக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது போதாது. டயப்பர், பிசியோதெரபி, டாக்டர் விசிட், ஆம்புலன்ஸ் எல்லாம் தனியா? உடல்நிலை மோசமானால் கட்டணம் எவ்வளவு கூடும், அல்லது அழைத்துப்போகச் சொல்வார்களா? ராத்திரி 2 மணிக்கு மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரி, கூட யார் போவார்? டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும்? நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லம் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தயங்கும் இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது

ஒவ்வொரு ஞாயிறும் 4 மணிக்கு, கையில் இனிப்போடு, அரை மணி நேரம். அன்பில் குறையில்லை, ஆனால் நீங்கள் வரும் நேரம் எல்லோருக்கும் தெரியும். நாளையும் நேரத்தையும் மாற்றுங்கள். ஆயா பக்கத்தில் நிற்கும்போது "நல்லா பாத்துக்கிறாங்களாம்மா?" என்று கேட்காதீர்கள், நீங்கள் போன பிறகு உங்கள் அம்மா அந்த ஆயா கையால்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். வராந்தாவுக்கோ மரத்தடிக்கோ அழைத்துப் போய், "நேத்து ராத்திரி பெல் அடிச்சீங்களா, யார் வந்தா?" என்று கேளுங்கள்.

கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது முக்கியம். முதலில் குதிகால், பிறகு வால் எலும்புப் பகுதி. சிவந்தோ கருத்தோ தெரிந்தால் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். நிறம் வெளுத்துத் திரும்பி வந்தால் இப்போதைக்குச் சரி. வெளுக்காமல் அப்படியே நின்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். நம் மாநிறத்திலும் கருத்த தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றிலும் உள்ள தோலைவிட அந்த இடம் கருத்தும், சூடாகவும், கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் எண்ணெய் விட்டுத் தேய்க்கவே கூடாது, உள்சதை இன்னும் நைந்துபோகும். குதிகால் என்றால் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். "ஏர் பெட் போட்டிருக்கோம்" என்பது பதிலாகாது. ஏர் பெட் போட்டாலும் திருப்பத்தான் வேண்டும். பம்ப் ஓடுகிறதா, பிளக் செருகியிருக்கிறதா என்பதையும் குனிந்து பாருங்கள்; செல்போன் சார்ஜ் போடப் பிடுங்கிவிட்டு மறந்துவிடுவது நடக்கிற விஷயம்.

திருப்பிப் படுக்க வைத்த நேரங்களைக் குறிக்க கட்டில் அருகே தொங்கும் சார்ட்டைப் புரட்டுங்கள். நாள் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நேரமும் சரியாக 8.00, 10.00, 12.00 என்று இருந்தால் மொத்தமாக உட்கார்ந்து எழுதியது. நீங்கள் 4 மணிக்கு நிற்கும்போதே 6 மணிக் கட்டம் நிரம்பியிருந்தால் அந்தத் தாளில் எதையும் நம்ப முடியாது. உடனே போட்டோ எடுத்து நர்ஸ் இன்சார்ஜிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் "கொடுத்தாச்சு" என்பதும் "சாப்பிட்டார்" என்பதும் வேறு வேறு. பல்செட் டப்பாவிலேயே இருக்க, தட்டு எட்டாத ஸ்டூலில் இருந்து, அரை மணியில் அப்படியே திரும்பிப் போவதுண்டு. "எத்தனை இட்லி சாப்பிட்டார்?" என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். மாதம் ஒருமுறை எடை கட்டாயம். ஒரே மாதத்தில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57க்கு வந்தால், வயசானால் இளைக்கத்தான் செய்வார் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். படுக்க வைத்தபடி ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமுகிறார் என்றால் விழுங்குவதில் கோளாறு இருக்கலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி நேரமும் டிபன் நேரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காலை 7.30க்கு நர்ஸ் ஷிப்ட் முடியும் முன் இன்சுலின் போட்டுவிட்டு, சமையலறையிலிருந்து டிபன் 9 மணிக்கு வந்தால் இடையில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். வயதானவர்களுக்குப் படபடப்பு, வியர்வை தெரியாமலே போகலாம். தூங்கி வழிவார், பேச்சு குழறும். "அம்மா காலையில தூங்கிட்டே இருக்காங்க" என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது சர்க்கரை அளவு.

அமைதியை நம்பிவிடுவது

இதுதான் மிகவும் வருத்தம் தரும் தவறு. சத்தம் போட்டுக்கொண்டிருந்த அப்பா ஒரே மாதத்தில் அமைதியாகிவிட்டார் என்றதும் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. அவர் பழகிவிட்டாரா, மாத்திரையா என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு மாதமும் மாத்திரைப் பட்டியலை வாங்கிப் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், இல்லை ஏதாவது தூக்க மாத்திரை புதிதாகச் சேர்ந்திருந்தால், யார் எழுதினார், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். இவற்றில் முதல் மூன்றும் மனநல மருந்துகள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் போன்றவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்தது; ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் 2008ல் அதே எச்சரிக்கை வந்தது. சில நேரம் இவை தேவைப்படும். அப்போதும் குறைந்த அளவில், டாக்டர் பார்வையில்தான். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது.

எதிர்த் திசையிலும் இதே தவறு நடக்கிறது. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறுகிறார் என்றால் "மறதி முத்திப்போச்சு" என்று விடாதீர்கள். மறதி நோய் ஒரே நாளில் இப்படி ஏறாது. நோய்த்தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சோடியம் குறைவு, புது மாத்திரை ஆகிய ஐந்தையும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

குறை சொல்லும் விதம்

ஆயாவிடம் கத்துவதால் ஒன்றும் மாறாது. 12 மணி நேர ஷிப்ட் பார்க்கும் அவரிடம் ஆள் எண்ணிக்கையைக் கூட்டும் அதிகாரம் இல்லை. கண்டது என்ன, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுதி மேனேஜருக்கு அனுப்பி, என்ன மாற்றுவீர்கள், எப்போதைக்குள் என்று கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து அண்ணன் ஒன்று சொல்ல, தாம்பரத்திலிருந்து தங்கை இன்னொன்று சொன்னால் இல்லம் இரண்டையும் செய்யாது. பேசுவதற்கு ஒருவர் போதும். பதில் வராவிட்டால் முதியோர் உதவி எண் 14567, மாவட்ட சமூகநல அலுவலர், கட்டணத் தகராறு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், அதனால் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

முதல் ஒரு மாதம் "வீட்டுக்குப் போகணும்" என்று அழுவது பலருக்கும் உண்டு. அதற்காக உடனே இடம் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டிவரும். ஆனால் புண் வந்ததை உங்களிடம் மறைத்தார்கள், துணியால் கையைக் கட்டிலில் கட்டினார்கள், காயத்துக்குக் காரணம் சொல்ல முடியவில்லை, நேரம் தவறி வந்தால் உள்ளே விடவில்லை என்றால் அந்த வாரமே மாற்றுங்கள். கிளம்பும்போது மாத்திரைப் பட்டியல், எடைக் குறிப்பு, கடைசி ரத்தப் பரிசோதனை, டாக்டர் எழுதிய சுருக்கம் நான்கையும் கையில் வாங்குங்கள். பல்செட், கண்ணாடி, காது மெஷின் மூன்றும் வண்டியில் ஏறிவிட்டனவா என்று தலையணை உறைக்குள்ளும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.