நம் கரை உயிர்களைக் கொண்டு இலத்தீன் வேர்ச்சொற்களைக் கற்கும் முறை

இலத்தீன் வேர்ச்சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் வாலிநோக்கம் வரையுள்ள நம் கரையில் வளரும் மாணவர்களுக்கு அந்தப் பட்டியல் தேவையும் இல்லை. ஏலத்திற்கு வரும் மீன், நண்டு, சங்கு ஆகியவற்றின் அறிவியல் பெயர்களிலேயே அந்த வேர்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியப் பழகியவர், உயிரியல் பாடத்தில் வரும் கலைச்சொற்களையும் தாமே பிரித்துப் பொருள் கொள்வார்.

முதற்படியாக, ஒரு குறிப்பேட்டில் ஊர்ப்பெயர், அறிவியல் பெயர், வேரும் பொருளும், அதே வேர் வரும் வேறு சொல் என நான்கு பத்திகள் கோடிட்டுக் கொள்ளுங்கள். நான்காம் பத்தியை நிரப்பாமல் விட்டால் இம்முறையால் பயனில்லை. 1758இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் விலங்குகள் அனைத்திற்கும் வகுத்தளித்த இருசொற் பெயரீட்டில் முதற்சொல் பேரினத்தையும், இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். வடிவம், நிறம், வாழிடம் போன்றவை பெரும்பாலும் இரண்டாம் சொல்லில் அமைவதால், தொடக்கநிலையினர் அதையே முதலில் எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படியாக மத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ். 'லாங்கஸ்' என்றால் நீளம். 'செப்ஸ்' என்பது தலையைக் குறிக்கும் 'கேபுட்' என்ற சொல்லின் திரிபு. மீன்கடையில் மத்தியையும் சூடையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உடலளவை நோக்க மத்தியின் தலை நீண்டிருப்பது தெரியும். மேற்கையில் புடைக்கும் தசைக்கு 'பைசெப்ஸ்' என்று பெயர் வந்ததும், அதற்கு இரண்டு தலைகள் இருப்பதால்தான்.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த இணை. சேற்று நண்டின் பெயர் சில்லா செர்ராட்டா. 'செர்ரா' என்பது இரம்பம். அதன் ஓட்டின் முன்விளிம்பில் பக்கத்திற்கு ஒன்பதாக அமைந்த பற்களை எண்ணிப் பாருங்கள் (நண்டு உயிரோடிருந்தால் கொடுக்கைக் கட்டிய பிறகு எண்ணுவது நலம்). நம் கடலில் வளரும் கடற்புல் ஒன்றின் பெயரோ சைமோடோசியா செர்ருலாட்டா. இடையில் வந்துள்ள 'உல்' சிறுமையைக் குறிக்கும் விகுதியாதலால், இதற்குச் 'சிறு இரம்பப் பல் உடையது' என்று பொருளாகும். கரையொதுங்கிய இலையின் நுனியைக் கைலென்சு கொண்டு பார்த்தால் அந்தப் பற்கள் தென்படும். தாவரவியலில் 'செரேட்' விளிம்பு என்று படிப்பதும், விலா எலும்புகளின்மேல் பல்வரிசைபோல் அமைந்த 'செராட்டஸ்' தசையும் இவ்வேரினவே.

கீழக்கரை, இராமேசுவரம் கடைகளில் காணும் சங்கு டர்பினெல்லா பைரம். 'டர்போ' பம்பரம், 'எல்லா' மற்றொரு சிறுமை விகுதி, 'பைரம்' பேரிக்காய். கடலட்டையான ஹோலோதூரியா ஸ்காப்ராவில் 'ஸ்காப்ரா' என்பது சொரசொரப்பு. சிரங்கு நோயான 'ஸ்கேபீஸ்' அதன் உறவுச்சொல். கடலட்டை சட்டப் பாதுகாப்புப் பெற்ற உயிரினம் என்பதால் படத்தில் பார்த்தே குறித்துக்கொள்ளுங்கள். பாக் விரிகுடாவில் படும் பீனியஸ் செமிசல்கேட்டஸ் என்னும் இறாலில் 'செமி' பாதி, 'சல்கஸ்' பள்ளம். மூளையின் மடிப்புப் பள்ளங்களுக்கும் 'சல்கஸ்' என்றே பெயர்.

மூன்றாம் படி ஈறுகளைக் கவனிப்பது. அஸ், ஆ, அம் என்பவை பெரும்பாலும் முறையே ஆண்பால், பெண்பால், அலிப்பால் ஈறுகள். வெண்மையைக் குறிக்கும் சொல் ஆல்பஸ், ஆல்பா, ஆல்பம் என மாறுவது இதனால்தான். காரங்காட்டு அலையாத்திக் காட்டில் வளரும் அவிசென்னியா மரினாவின் 'மரினா', கடல் சார்ந்தது என்ற பொருளில் வரும் பெண்பால் வடிவம். சென்னை மெரினாவும் அதே சொல்தான்.

எல்லாப் பெயரையும் இலத்தீன் என்று கொண்டு பிரிக்கக் கூடாது. அவிசென்னியா, இப்னு சீனா என்ற மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது, 'ஆக்டோபஸ்' கிரேக்கம், கடற்பசுவான ஆவுளியாவைக் குறிக்கும் 'டூகாங்' மலாய். ஆகவே மூன்றாம் பத்தியை நிரப்பும் முன் அகராதியில் சரிபாருங்கள்.

பயிற்சிக்கு, ஓட்டில் மூன்று செம்புள்ளிகள் உள்ள நண்டை எடுத்துக்கொள்ளலாம். அது போர்ட்டுனஸ் சாங்குயினோலென்டஸ். 'சாங்குயிஸ்' இரத்தம், போர்ட்டுனஸ் உரோமரின் துறைமுகத் தெய்வம். நான்காம் பத்தியை நீங்களே நிரப்புங்கள்.