வரி இல்லாத மாநிலம் என்ற மயக்கம்

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். இருவரும் அமெரிக்காவில் இன்சூரன்ஸ் ஏஜென்சி ஆரம்பித்து மூன்று நான்கு வருடம் ஆனவர்கள். இருவருக்கும் ஒரே கேள்வி: “அண்ணா, அடுத்த ஆபீஸ் டெக்சாஸா, ஃப்ளோரிடாவா?” ஏன் அந்த இரண்டு மட்டும் என்று கேட்டேன். “அங்கே ஸ்டேட் இன்கம் டாக்ஸ் கிடையாதே” என்றார்கள். 2021இல் நானும் இதையேதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி மறுத்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

அடுத்த மாநிலத்துக்குப் போகும் ஏஜென்ட்டுகள் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்காமல் போவது, ஈ அண்ட் ஓ பாலிசி (ஏஜென்ட்டின் தவறால் வரும் நஷ்டஈட்டுக்கான காப்பீடு) எடுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

வரியைப் பார்த்து மாநிலம் பிடிப்பது

எங்கள் ஏஜென்சி நியூ ஜெர்சியில் வீடு, கார் பாலிசிகளை வைத்து ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக ஃப்ளோரிடா போனார்கள். சரி, நாமும் பின்னாலேயே போவோம், வரியும் மிச்சம் என்று டாம்பாவில் ஆபீஸ் பிடித்தேன். மூன்று வருட லீஸ். ஃப்ளோரிடாவில் ஒவ்வொரு ஆபீஸுக்கும் பொறுப்பு ஏஜென்ட் ஒருவரைக் காட்டியாக வேண்டும். அதற்காக 2-20 லைசென்ஸ் (வீடு, கார் போன்ற பொதுக் காப்பீடு விற்பதற்கானது) வைத்திருந்த ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தேன். முதல் மாதத்திலிருந்தே சம்பளம். எனக்கு நான்-ரெசிடென்ட் லைசென்ஸ் (வேறு மாநிலத்தில் குடியிருப்பவர் அங்கே விற்பதற்கான அனுமதி) சில நாட்களில் வந்துவிட்டது. அது அத்தனை சுலபமாக வந்ததுதான் என்னை ஏமாற்றியது.

முதலில் வந்த அழைப்பு இன்னும் நினைவிருக்கிறது. கூரைக்கு 17 வயதான ஒரு வீடு. கேரியரின், அதாவது காப்பீட்டுக் கம்பெனியின், தளத்தில் விவரங்களை ஒவ்வொன்றாக நிரப்பினோம். கடைசிப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: இந்தக் கவுன்ட்டியில் புதிய பாலிசி எடுப்பதில்லை. அடுத்த கேரியர் கூரையின் வயதைக் கேட்டதும் கையை விரித்தது. வீட்டுக் காப்பீட்டுக்கு எனக்கு அப்பாயின்ட்மென்ட் (தன் பாலிசிகளை விற்கக் கம்பெனி தரும் அனுமதி) கொடுத்திருந்ததே அந்த இரண்டு கம்பெனிகள்தான். 2022இல் அந்த மாநிலத்தில் பல கம்பெனிகள் திவாலாயின. என் இரண்டில் ஒன்றும் அதில் போனது.

மற்ற ஏஜென்ட்டுகளைப் போல நானும் சிட்டிசன்ஸ் பக்கம் போனேன். வேறு யாரும் எடுக்காத வீடுகளுக்கென்று மாநிலம் ஏற்படுத்திய கடைசிப் புகலிடம் அது. 2023இல் அதன் பாலிசிகள் 14 லட்சத்தைத் தொட்டன. கடைசியாகப் போய் நிற்க வேண்டிய இடமே மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டாளராக இருந்தது. போவதற்கு முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும். நான் வருமான வரி விகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அந்த வரியாவது மிஞ்சியதா? நான் குடியிருந்தது நியூ ஜெர்சியில். டாம்பாவில் சம்பாதித்த சொற்பத்துக்கும் நியூ ஜெர்சிக்குத்தான் வரி கட்டினேன். ஆபீஸை வரியில்லாத மாநிலத்தில் திறந்ததால் மட்டும் என் வரி போய்விடாது என்று கணக்கர் சொன்னபோது லீஸில் இன்னும் 26 மாதம் பாக்கி. இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

1945இன் மெக்காரன்-ஃபெர்குசன் சட்டத்தின் கீழ் காப்பீட்டை ஒழுங்குபடுத்துவது பெரும்பாலும் அந்தந்த மாநிலம்தான். அதனால் ஒரே கம்பெனி ஓரிடத்தில் வா வா என்னும், பக்கத்து மாநிலத்தில் கதவைச் சாத்தும். கலிஃபோர்னியாவில் 1988இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 103ஆவது முன்மொழிவுக்குப் பிறகு வீடு, கார் காப்பீட்டுக் கட்டணத்தை ஏற்ற மாநிலக் காப்பீட்டு ஆணையரின் முன் அனுமதி வேண்டும். ஆணையரோ மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் என்ற பெரிய காப்பீட்டுக் கம்பெனி அங்கே புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை நிறுத்தியது.

மாநிலம் தருவது விற்கும் உரிமை மட்டும். விற்பதற்குச் சரக்கு கம்பெனியிடம் இருக்கிறது. ஆகவே லீஸில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு கேரியரின் மார்க்கெட்டிங் ஆளையும் கூப்பிடுங்கள். இந்தக் கவுன்ட்டியில் இப்போது புதிய பாலிசி எழுதுகிறீர்களா? கடற்கரையிலிருந்து எத்தனை மைல் தள்ளி இருக்க வேண்டும்? கூரைக்கு வயது வரம்பு என்ன? வெளிமாநில ஏஜென்சிக்கு அப்பாயின்ட்மென்ட் தருவீர்களா, வருடத்துக்கு எவ்வளவு பிரீமியம் கொண்டுவர வேண்டும்? வாய்ப்பேச்சு போதாது, மின்னஞ்சலில் வாங்குங்கள்.

2022 டிசம்பரில் வழக்குச் செலவு விதிகளை மாற்றிய பிறகு ஃப்ளோரிடாவுக்குப் புதிய கம்பெனிகள் வந்திருக்கின்றன. நீ போன நேரம் சரியில்லை என்பார்கள். நேரம் பார்ப்பதும் மாநிலம் பார்ப்பதில் சேர்த்திதானே.

பிரீமியம் வரியை ஒப்பிடுவது

பிரீமியத்தின் மேல் மாநிலம் போடும் அந்த வரி கம்பெனி கட்டுவது. நீங்கள் சர்ப்ளஸ் லைன்ஸ் புரோக்கர் (அந்த மாநிலத்தில் லைசென்ஸ் இல்லாத கம்பெனிகளிடம் காப்பீடு வாங்கித் தருபவர்) இல்லையென்றால் மாநிலவாரி வரிப் பட்டியலை மூடி வையுங்கள்.

பழைய லைசென்ஸை முதலில் ரத்து செய்வது

இது குடும்பத்தோடு இடம் மாறுபவர்களுக்கு. மற்ற மாநிலங்களில் நீங்கள் வைத்திருக்கும் நான்-ரெசிடென்ட் லைசென்ஸ்கள் எல்லாம் சொந்த மாநில லைசென்ஸைப் பிடித்துத்தான் நிற்கின்றன. நண்பர் ஒருவர் வீடு மாறிய கையோடு பழையதை ஒப்படைத்தார். புதியது வரும் முன்பே ஏழு மாநிலங்களிலிருந்து கடிதம் வந்துவிட்டது, அப்பாயின்ட்மென்ட்டுகளும் போயின. பெரும்பாலான மாநிலங்களில், குடியேறி 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் மறுபடி தேர்வு எழுத வேண்டியதில்லை. எதை முதலில் செய்ய வேண்டும் என்று இரண்டு மாநிலத் துறைகளிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வொர்க்கர்ஸ் காம்ப் விற்பவர் ஒஹாயோ போவது

வொர்க்கர்ஸ் காம்ப் என்பது வேலையில் காயப்படும் ஊழியர்களுக்கான காப்பீடு. ஒஹாயோவிலும் வாஷிங்டன் மாநிலம், வடக்கு டகோட்டா, வயோமிங்கிலும் அதை மாநில அரசின் நிதியம்தான் விற்கிறது. விற்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

பழைய மாநிலத்துப் பேச்சை அங்கேயும் பேசுவது

நியூ ஜெர்சியில் 1,000 டாலர் டிடக்டிபிள் (நஷ்டத்தில் வாடிக்கையாளரே முதலில் ஏற்கும் தொகை) என்று சொல்லிப் பழகிய வாய். ஃப்ளோரிடாவில் புயல் டிடக்டிபிள் பெரும்பாலும் சதவீதத்தில் வரும். வீட்டுக்கு 4 லட்சம் டாலர் காப்பீடு, 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் வீட்டுக்காரர் தலையில். இதை விற்கும்போதே காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். புயலுக்குப் பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் நேற்று செய்தி அனுப்பினார். மூன்று கேரியர்களிடம் கேட்டாராம். ஹூஸ்டன் வேண்டாம், டாலஸ் பக்கம் என்றால் பேசலாம் என்று இரண்டு பேர் சொன்னார்களாம். டாலஸின் ஆலங்கட்டி மழையைப் பற்றி அவரிடம் இன்னும் பேசவில்லை. இன்னொருவர் டாம்பாவில் வாடகை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.