ரெஸ்யூமேயில் வேலை அனுபவத்தை எப்படி எழுதுவது?

"கணக்குப் பிரிவில் பணிபுரிந்தேன்" என்று மட்டும் போட்டால், படிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் பிடிபடாது. என்ன செய்தீர்கள், எவ்வளவு செய்தீர்கள் என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு: "திருப்பூர் பனியன் கம்பெனியில் மாதம் 400 பில் டேலி மென்பொருளில் பதிவு, ஜிஎஸ்டி ரிட்டன்களான ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டும் கெடு தேதிக்குள் தாக்கல், பார்ட்டிகளிடம் பாக்கி வசூல்." எண்ணிக்கை உண்மையானதாக இருக்கட்டும். நேர்காணலில் அதைத்தான் குடைவார்கள்.

கடைசியாகப் பார்த்த வேலை முதலில் வரட்டும். சேர்ந்த மாதம், விலகிய மாதம் இரண்டும் பிஎஃப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பிஎஃப் அமைப்பான இபிஎஃப்ஓவின் தளத்தில் பார்த்துவிடுங்கள். பல கம்பெனிகள் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கான பொது எண்) விவரத்தை வைத்தே சரிபார்க்கின்றன. அப்பாவின் கடையில் கணக்கு எழுதியிருக்கிறீர்களா? அதுவும் அனுபவம்தான், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.