பழைய காங்கிரீட்டில் ஆங்கர் துளை: கருங்கல் ஜல்லியோடு மல்லுக்கட்டாமல் போடுவது எப்படி

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு சாய்ப்பு போட வேண்டியிருந்தது. பைக் நிற்க வேண்டும், மாங்காய் சீசனில் நாலு கூடை வைக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. நான்கு இரும்புக் கால், மேலே ஷீட். நான் பிறப்பதற்கு முன் அப்பா போட்ட காங்கிரீட் தரை அங்கே இருக்கிறது. கால்களை அதிலேயே ஆங்கர் போல்ட் (துளைக்குள் இறங்கிக் காங்கிரீட்டைப் பிடித்துக்கொள்கிற போல்ட்) போட்டு நிறுத்திவிட்டால் குழி தோண்டுகிற வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

சாதாரண இம்பாக்ட் டிரில்லில் முதல் துளைக்கு இருபது நிமிடம் ஆனது. ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. பிட்டின் நுனி நீலம் பாரித்துப் போனது, என் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. பக்கத்து வீட்டில் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "தம்பி, அந்த மெஷின் மரத்துக்கும் செங்கல்லுக்கும்தான். இது கருங்கல் ஜல்லி. ஹேமர் மெஷின் கொண்டா" என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. நம் பக்கம் மண்ணைத் தோண்டினாலே பாறை. கிருஷ்ணகிரியைச் சுற்றி இத்தனை கிரானைட் குவாரிகள் இருப்பது அதனால்தான். வீட்டுக் காங்கிரீட்டில் விழுகிற ஜல்லியும் அதே இனம். பழைய வீடுகளில் 1:2:4 கலவை, கையால் கலந்தது. அதன் வலு சதுர மி.மீட்டருக்கு ஏறக்குறைய 15 நியூட்டன். உள்ளே கிடக்கிற கருங்கல்லோ சுலபமாக 100 நியூட்டனைத் தாண்டும். ஒரே துளைக்குள் பிட் மெத்தென்ற கலவையில் போகும், சட்டென்று ஒரு 20 மி.மீ. கல்லில் முட்டும், ஓரமாக வழுக்கும். துளை கோணுவதும் அகலமாவதும் இதனால்தான். துளை அகலமானால் ஆங்கர் பிடிக்காது.

முதலில் தட்டிப் பாருங்கள்

மெஷினை எடுப்பதற்கு முன் சுத்தியலால் தரையைத் தட்டுங்கள். "டங்" என்று கேட்டால் நல்லது. "டொப் டொப்" என்றால் மேல்பூச்சு தனியாகக் கழன்று நிற்கிறது, அல்லது உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி காங்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது. அந்த இடத்தில் துளை போடாதீர்கள்.

அடுத்தது ஒரு சோதனைத் துளை. 6 மி.மீ. பிட்டில் போட்டு, வருகிற தூளின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறம் என்றால் காங்கிரீட். செங்கல் சிவப்பு என்றால் அது செங்கல், அல்லது மொட்டை மாடியில் ஓட்டுக்கு அடியில் போட்ட செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம். அதில் விரிகிற ஆங்கர் எதுவும் நிற்காது. மாடியில் துளை போட்டு ஒழுகலை விலைக்கு வாங்குவதும் வேண்டாம்.

தரையில் போடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாம்பல் தூள் வந்துகொண்டிருக்கும்போதே பிட் சட்டென்று உள்ளே போய், செம்மண் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தால் தரை அங்கே முடிந்துவிட்டது. எத்தனை அங்குலத்தில் அது நடந்தது என்று பிட்டில் குறித்துக்கொள்ளுங்கள். முற்றத்துத் தரைகள் பல இரண்டு அங்குலம்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அதிர்ஷ்டவசமாக நான்கரை அங்குலம் வந்தது. நான்கு அங்குலத்துக்குக் கீழே இருந்தால் ஆங்கர் யோசனையை விட்டுவிட்டு, குழி தோண்டிக் காலைக் காங்கிரீட்டில் புதைத்துவிடுங்கள். சாய்ப்புக்குக் கனம் ஒரு பொருட்டே இல்லை. சித்திரை வைகாசியில் மழைக்கு முன்னால் வருகிற சுழல்காற்று அடியில் புகுந்து ஷீட்டை மேலே தூக்குவதுதான் ஆபத்து. போல்ட் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். மெல்லிய தரை என்றால் போல்ட்டோடு சேர்ந்து தரையும் பெயர்ந்து வரும்.

மெஷின்

சாதாரண இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும். அதனால் வருகிற அதிர்வுதான் அதன் அடி. நீங்கள் அமுக்கினால்தான் அடிக்கும். மேஸ்திரி சொன்ன ஹேமர் மெஷினில், அதாவது ரோட்டரி ஹேமரில், ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஓர் இரும்புத் துண்டைத் தள்ளி, அது பிட்டின் பின்புறத்தில் மோதும். நீங்கள் அமுக்கத் தேவையே இல்லை. இரண்டு மூன்று கிலோ எடையில், எஸ்.டி.எஸ். பிளஸ் பிட் (கழுத்தில் காடி வெட்டிய பிட்) மாட்டுகிற மெஷின் வீட்டு வேலைக்குப் போதும். வாங்க வேண்டியதில்லை, எலெக்ட்ரிக்கல் வேலை செய்கிற தெரிந்தவர் யாரிடமாவது இருக்கும், இல்லாவிட்டால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

பிட்டை மாட்டும்போது அதன் கழுத்தில் துளி கிரீஸ் தடவி, "சக்" என்கிற மெஷின் வாயைப் பின்னுக்கு இழுத்து உள்ளே தள்ளித் திருகுங்கள், "டக்" என்று பூட்டிக்கொள்ளும். அதன்பிறகும் பிட் முன்னும் பின்னும் ஒரு செ.மீ. ஆடும். புதிதாகப் பிடிப்பவர்கள் லூஸ் என்று பயந்துவிடுவார்கள், நானும் பயந்தேன். அது அப்படித்தான் இருக்க வேண்டும், அடி வாங்குவதற்கான இடைவெளி அது.

பிட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நுனியில் கார்பைடு நான்கு வெட்டாக வைத்த பிட் கிடைத்தால் அதை வாங்குங்கள். ஜல்லியில் முட்டும்போது இரண்டு வெட்டு பிட் அளவுக்கு அது வழுக்காது.

போல்ட்

கடையில் "ஆங்கர் போல்ட்" என்று கேட்டால் கைக்கு வந்ததைத் தருவார்கள். தரையில் கால் நிறுத்த நான் எடுத்தது வெட்ஜ் வகை (இறுக்கும்போது அடியில் இருக்கிற வளையம் விரிந்து பிடிப்பது), எம் 10, 80 மி.மீ. நீளம். இதில் வசதி என்னவென்றால் 10 மி.மீ. போல்ட்டுக்கு 10 மி.மீ. துளைதான், அதனால் பேஸ் பிளேட் (காலின் அடியில் இருக்கிற, ஓட்டை போட்ட இரும்புத் தகடு) வழியாகவே துளை போடலாம். ஸ்லீவ் வகையில் அப்படி முடியாது. வெளியே இருக்கிற குழாயின் தடிமன்தான் துளையின் அளவு, உள்ளே போல்ட் அதைவிடச் சின்னது. எனவே பெட்டியில் எழுதியிருக்கிற துளை அளவைப் படித்துவிட்டு பிட் வாங்குங்கள். ஒன்றிரண்டு மி.மீ. தப்பினாலும் எல்லாம் வீண். காங்கிரீட் ரொம்ப நலிந்திருந்தால் விரிகிற ஆங்கரே வேண்டாம், கெமிக்கல் ஆங்கர் போடுங்கள். அது விரிந்து நெருக்காது, பசைபோல் ஒட்டும்.

குறிப்பது

பேஸ் பிளேட்டை வைத்து நான்கு ஓட்டையையும் பென்சிலால் குறித்துவிட்டு நான்கையும் வரிசையாகப் போட்டுவிடாதீர்கள். நான் முதல் காலுக்கு அப்படித்தான் செய்தேன். மூன்று சரியாக வந்தது, நான்காவது ஜல்லியில் வழுக்கி மூன்று மி.மீ. தள்ளிப்போனது. பிளேட்டின் ஓட்டையை அரத்தால் ராவி நீட்டி ஒருவழியாகச் சமாளித்தேன். மற்ற மூன்று காலுக்கும், ஒரு துளை போட்டு, அதில் போல்ட்டை இறக்கிப் பிளேட்டை லேசாக மாட்டி, மட்டம் பார்த்துவிட்டு, மிச்சத்தைப் பிளேட் வழியாகவே போட்டேன்.

தரையின் ஓரத்திலிருந்து குறைந்தது போல்ட் தடிமனில் பத்து மடங்கு உள்ளே வாருங்கள். எம் 10-க்கு 100 மி.மீ., அதாவது நான்கு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் மேலே. போல்ட்டுக்குப் போல்ட் இடைவெளியும் அதே அளவு. வெட்ஜ் ஆங்கர் விரிந்து நெருக்குவதால்தான் பிடிக்கிறது. ஓரத்தில் வைத்தால் மூலை பிளந்துவிடும்.

சுவரிலோ தூணிலோ போடுவதென்றால் பதித்த வயர், தண்ணீர்ப் பைப் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் தொடவே வேண்டாம். தூணில் கம்பிக்கு மேல் குறைந்தது 40 மி.மீ. காங்கிரீட் இருக்க வேண்டும் என்பது விதி, பழைய வீட்டில் அதுகூட இருக்காது.

துளை போடுவது

என்95 மாஸ்க், கண்ணாடி, காதில் இயர்பிளக். மாஸ்க்கை விளையாட்டாக எடுக்காதீர்கள், கருங்கல் தூளில் சிலிக்கா இருக்கிறது, குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலைச் சாப்பிடுகிற சிலிகோசிஸ் இதே தூளால் வருவதுதான்.

துளை 75 மி.மீ. ஆழம் வேண்டும். பிட்டில் அந்த அளவுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். குறித்த புள்ளியில் உளியை வைத்து இரண்டு தட்டு தட்டி சின்னதாகக் குழி பண்ணுங்கள். அதில் பிட்டை ஊன்றி, மெதுவான வேகத்தில் ஆரம்பியுங்கள். அரை அங்குலம் இறங்கிப் பிட் நிலைகொண்ட பிறகு முழு வேகம்.

இனி காதுதான் வேலை செய்யும். கலவையில் போகும்போது சத்தம் தடதடவென்று கனமாக இருக்கும், தூள் பொலபொலவென்று வெளியே வந்து பிட்டைச் சுற்றிக் கோலமாவுபோல் குவியும். கல்லில் முட்டியதும் சத்தம் மெலிந்து கீச்சென்று மாறும், தூள் குறையும், மெஷின் கையில் துள்ளும். அப்போது அமுக்கத்தான் தோன்றும். அமுக்காதீர்கள். இரண்டு கையாலும் மெஷினை நேராகப் பிடித்து, அதன் கனத்தை மட்டும் கொடுத்துக் காத்திருங்கள். பத்துப் பதினைந்து நொடியில் கல் உடைந்து பழைய சத்தம் திரும்பும். ஒவ்வொரு அங்குலத்துக்கும் பிட்டைச் சுழலவிட்டபடியே வெளியே இழுத்து தூளைத் தள்ளுங்கள். எனக்கு இருபது நிமிடத்தில் முடியாத வேலை இதில் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

சத்தம் கணகணவென்று உலோகமாக மாறி, தூளில் மினுமினுப்பு தெரிந்து, பிட் கொஞ்சமும் நகராவிட்டால் அது கம்பி. நிறுத்துங்கள். தூண், பீம் கம்பியை வெட்டிக்கொண்டு போவது வீட்டை வெட்டுவதற்குச் சமம். துளை ஆழத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வேறு இடம் பாருங்கள், பழைய துளையைச் சுருங்காத கிரவுட் (சிமெண்ட் கலவை) வைத்து அடையுங்கள்.

தூளை எடுப்பது

எல்லாரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். துளைக்குள் தூள் இருந்தால் போல்ட்டின் விரிகிற வளையம் காங்கிரீட்டைப் பிடிக்காமல் மாவைப் பிடிக்கும், இறுக்க இறுக்க மேலே வரும். வாயால் ஊதினால் தூள் நேராக உங்கள் கண்ணுக்குத்தான் வரும். நான் சைக்கிள் பம்ப்பில் பழைய பேனாக் குழாய் ஒன்றைச் செருகி, துளையின் அடிவரை விட்டு நான்கு முறை அடித்தேன். பிறகு குழந்தைப் பால்பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷை விட்டுத் திருகினேன். மறுபடி பம்ப். இரண்டாவது முறையும் பிரஷ்ஷில் சாம்பல் வந்தது. மூன்றாவது முறைதான் சுத்தமாக வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், தூள் சேறாகி ஒட்டிக்கொள்ளும்.

இறக்கி இறுக்குவது

வாசரும் நட்டும் போல்ட்டிலேயே இருக்கட்டும். நட்டின் மேல்மட்டம் போல்ட் நுனிக்குச் சமமாக வரும்படி வையுங்கள், சுத்தியல் அடி மரையில் விழாது. பிளேட்டில் வாசர் உட்காரும்வரை அடித்து இறக்குங்கள். பிறகு கையால் முடிந்தவரை திருகிவிட்டு, ஸ்பேனரால் இரண்டு மூன்று சுற்று. கனமாக வந்து நிற்க வேண்டும். அதற்கு மேல் பைப் செருகி மிதித்து இறுக்காதீர்கள், பழைய காங்கிரீட் அதைத் தாங்காது.

நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றினால் துளை அகலமாகிவிட்டது, அல்லது தூள் இருக்கிறது. தீக்குச்சி செருகுவது, சிமெண்ட் பால் ஊற்றுவது எல்லாம் நாலு நாளைக்குத்தான். போல்ட்டை உருவிவிட்டு அதே துளையைக் கெமிக்கல் ஆங்கருக்கு உரிய அளவுக்கு அகலமாக்கி, சுத்தம் செய்து, அதைப் போடுங்கள். எனக்குப் பதினாறில் ஒன்று அப்படி ஆனது, கரண்ட் போய்விடும் என்ற அவசரத்தில் பிரஷ் விடாமல் விட்ட துளை அது.

ஒரு வாரம் கழித்து எல்லா நட்டையும் ஸ்பேனரால் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். இரண்டு நட் கால் சுற்று வாங்கின. பிளேட்டைச் சுற்றி சீலன்ட் தடவி, வெளியே தெரிகிற மரைக்கு ரெட் ஆக்சைடு பூசினேன். கூடைகள் இன்னும் வரவில்லை, அதற்குள் பக்கத்து வீட்டு மேஸ்திரி தன் வண்டியைக் கொண்டுவந்து நிழலில் நிறுத்திவிட்டார்.