முதல் கே-பாப் கான்சர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு: டிக்கெட் முதல் லைட்ஸ்டிக் வரை

2023 செப்டம்பரில் ட்வைஸ், 2024 ஜூலையில் ஏஸ்பா, 2025 அக்டோபரில் மறுபடியும் ட்வைஸ். இந்தக் கொரிய பாப் குழுக்களின் நிகழ்ச்சிகள் மூன்றையும் சிங்கப்பூர் இண்டோர் ஸ்டேடியத்தில் பார்த்தேன். திருச்சியிலிருந்து நேராக விமானம் இருக்கிறது, அக்கா அங்கேதான் இருக்கிறாள், அதனால் எனக்குச் சியோலை விட சிங்கப்பூர்தான் கைக்கு எட்டும் ஊர். போய் வந்ததிலிருந்து "எப்படிப் போனாய், எப்படி டிக்கெட் கிடைத்தது" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். விசா, விமான டிக்கெட் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

1. டிக்கெட் விற்பனைக்கு முந்தைய நாள்

முதலில் நேரத்தைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் இருப்பது சிங்கப்பூர் நேரம். நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள், ஆக அங்கே மதியம் 12 என்றால் நமக்குக் காலை 9.30. சியோல் என்றால் மூன்றரை மணி நேரம்.

அடுத்தது கார்டு. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, நம் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டில் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை, ஆன்லைன் பரிவர்த்தனை இரண்டையும் வங்கியின் ஆப்பில் போய் நாமே திறந்துவிட வேண்டும், கூடவே அதற்கான தொகை வரம்பையும் உயர்த்த வேண்டும். நான் பரிவர்த்தனைகளைத் திறந்தேன், வரம்பைப் பார்க்கவில்லை. இருக்கை கூடையில் இருக்கிறது, திரையில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, பணம் போகவில்லை. அக்காவுக்கு போன் போட்டு அவள் கார்டு எண்ணைச் சொல்லச் சொல்லி, ஓடிபி அவள் போனுக்கு வந்து, அதை அவள் படிக்க நான் தட்டி, கடைசி நிமிடத்தில்தான் முடிந்தது. அந்தப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம். முந்தைய நாளே ஏதாவது ஒரு வெளிநாட்டுத் தளத்தில் சின்னதாக ஒன்று வாங்கிப் பாருங்கள், போகிறதா என்று தெரிந்துவிடும். பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. க்யூவில் நிற்பது

டிக்கெட் தளத்தின் ஆன்லைன் வரிசையில் லேப்டாப்பில் நில்லுங்கள். போனில் இருக்கை வரைபடம் சின்னதாகத் தெரியும், விரல் பக்கத்து வட்டத்தில் பட்டுவிடும். ஒரே கணக்கில் நான்கு டேப் திறந்து வைப்பதால் வேகம் கூடாது, சில தளங்கள் உங்களை வரிசையிலிருந்தே தூக்கிவிடும். காத்திருப்பு அறைக்குள் விற்பனைக்கு முன்பே போய்விடுங்கள், பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள். அவ்வளவுதான், மீதி அதிர்ஷ்டம்.

கிடைக்கவில்லை என்றால் உடனே மறுவிற்பனைக்காரர்களிடம் ஓடாதீர்கள். மற்றவர்கள் பணம் கட்டி முடிக்காததால் திரும்பி வந்த இருக்கைகள் சிறிது நேரத்தில் மறுபடி காட்டும், அதற்காக இன்னும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கொரியாவில் இதற்கென்றே சொல் வைத்திருக்கிறார்கள், 'ச்வீகெட்டிங்'. அங்கே வங்கிப் பரிமாற்றத்தில் பதிவு செய்துவிட்டுப் பணம் கட்டாதவர்களின் இருக்கைகள் கெடு முடிந்ததும் நள்ளிரவுக்கு மேல் மொத்தமாகத் திரும்பி வரும், ரசிகர்கள் விழித்திருந்து பிடிப்பார்கள்.

3. எந்த இருக்கை

இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. உங்கள் உயரம் ஐந்தேகால் அடிக்குக் கீழே என்றால் தரைத்தளத்தில் நிற்கும் பகுதியை வாங்காதீர்கள். பக்கத்தில் இருப்போம் என்பது உண்மைதான், ஆனால் முன்னால் இருப்பவர் தூக்கிப் பிடிக்கும் போனின் திரையில்தான் பாதி நேரம் பார்ப்பீர்கள். தரைக்கு உடனே மேலே இருக்கும் அடுக்கில், பக்கவாட்டில், கூட்டத்துக்குள் நீளும் மேடையின் நுனிக்கு நேராக ஓர் இருக்கை கிடைத்தால் அதை எடுங்கள். இண்டோர் ஸ்டேடியம் சுமார் 12,000 பேர் கொள்ளும் அரங்கம்தான், ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே வடிவமைத்து 1989-இல் திறந்தது. மேல் அடுக்கிலிருந்தும் முகம் தெரியாவிட்டாலும் நடனத்தின் மொத்த வடிவம் தெரியும். பக்கத்திலிருக்கும் நேஷனல் ஸ்டேடியம் அப்படியல்ல, 55,000 இருக்கைகள். 2023 மே மாதம் பிளாக்பிங்க் குழு அங்கேதான் ஆடியது. அங்கே மேல் அடுக்கு என்றால் பைனாகுலர் எடுத்துப் போங்கள்.

ட்வைஸின் 2025 சுற்றுப்பயணத்தில் மேடை நடுவில், நான்கு பக்கமும் திறந்து இருந்தது. ஒன்பது பேர் ஆடும் குழுவுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று பார்த்தபோதுதான் புரிந்தது. யாராவது ஒருவர் எப்போதும் உங்கள் பக்கம் திரும்பி இருக்கிறார். வாங்குமுன் மேடை வடிவத்தைப் பாருங்கள், 'நல்ல இருக்கை' என்பது அதைப் பொறுத்து மாறும்.

4. லைட்ஸ்டிக் (இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்)

லைட்ஸ்டிக் என்பது ரசிகர்கள் கையில் பிடிக்கும் ஒளிக்கோல், ஒவ்வொரு குழுவுக்கும் தனி. ட்வைஸுடையது கேண்டிபாங், பிளாக்பிங்கினுடையது இதயம் வைத்த குட்டிச் சுத்தியல். ஒரு குழுவின் ஸ்டிக் இன்னொரு குழுவின் அரங்கில் வேலை செய்யாது. கொண்டு போவது மரியாதையும் இல்லை.

இது வெறும் டார்ச் இல்லை. உங்கள் இருக்கை எண்ணை அந்த ஸ்டிக்குக்கான ஆப் மூலமாக இதற்குள் பதிந்துவிட்டால், அரங்கத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் அலைவரிசைக்கு ஏற்ப அதுவே நிறம் மாறும். ஒரு பாட்டில் மொத்த அரங்கமும் ஏப்ரிகாட் பழ நிறத்திலிருந்து மெஜந்தாவுக்கு அலை மாதிரி மாறுவது இப்படித்தான். இரண்டும் ட்வைஸின் அதிகாரப்பூர்வ நிறங்கள்.

2023-இல் நான் செய்த தவறு, இதை அரங்க வாசலில் வரிசையில் நிற்கும்போது செய்துகொள்ளலாம் என்று நினைத்தது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் புளூடூத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள். என் போன் என் ஸ்டிக்கைத் தேடிக் கண்டுபிடிக்கவே இருபது நிமிடம் ஆனது. கண்டுபிடித்ததும் ஆப் "மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்" என்றது. அந்தக் கூட்டத்தில் நெட்வொர்க் எங்கே இருக்கும்? பாதியில் நின்றது. ஸ்டிக் அணைந்தது அணைந்ததுதான். உள்ளே போய் உட்கார்ந்து, விளக்கு அணைந்து, என் வரிசை முழுக்க, எதிர் அடுக்கு முழுக்க ஒளிர்ந்தபோது என் கையில் மட்டும் இருட்டு. எட்டு வருடம் காத்திருந்து வந்த இடம் அது. முதல் மூன்று பாட்டுக்கு எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண், பெயர்கூடத் தெரியாது, தன்னிடம் இருந்த பழைய ஸ்டிக்கைக் கொடுத்தாள். இணைக்காத ஸ்டிக், வெறுமனே ஒரே நிறத்தில் எரிந்தது. இரண்டரை மணி நேரமும் அதைத்தான் பிடித்திருந்தேன்.

ஆகவே முந்தைய இரவு, தங்கும் அறையில், வைஃபையில் இதைச் செய்யுங்கள். புது பேட்டரி போடுங்கள். பெரும்பாலான ஸ்டிக்குகளுக்கு மூன்று ஏஏஏ பேட்டரி, பெட்டியோடு வராது. ரீசார்ஜ் செய்கிற வகை வேண்டாம், அல்கலைன்தான் நல்லது, எனக்கு அதில்தான் கடைசிவரை வெளிச்சம் குறையாமல் இருந்தது. ஆப்பைத் திறந்து முதலில் மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நிகழ்ச்சியையும் தேதியையும் தேர்ந்தெடுத்து, பகுதி, வரிசை, இருக்கை எண்ணை டிக்கெட்டில் இருப்பது போலவே போடுங்கள். ஸ்டிக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்து, அது மின்னத் தொடங்கியதும் போனுக்குப் பக்கத்தில் வையுங்கள். இணைந்ததும் ஆப் சொல்லும். அரங்கத்துக்குள் போனதும் ஸ்டிக்கை எந்த நிலையில் வைக்க வேண்டும் என்று ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: இரண்டு நாளும் போன ஒருவர், இரண்டாம் நாள் தன் ஸ்டிக் மட்டும் வேறு நிறம் காட்டியது என்று கருத்தில் எழுதியிருந்தார். ஒவ்வொரு நாளுக்கும் இருக்கையைப் புதிதாகப் பதிய வேண்டும். முதல் நாள் பதிவு இரண்டாம் நாளுக்குச் செல்லாது.

இன்னொரு பின்சேர்க்கை: பாதி விலைக்கு ஆன்லைனில் வாங்கியது ஆப்பில் தெரியவே இல்லை என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அது போலி. எரியும், இணையாது. வாங்கும்போது அதிகாரப்பூர்வக் கடையா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல டி-ஷர்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. ஃபேன்சாண்ட்

லைட்ஸ்டிக் இல்லாமல்கூடப் போகலாம், இது தெரியாமல் போகாதீர்கள். பாட்டின் நடுவே ரசிகர்கள் சேர்ந்து கத்தும் வரிகள் இவை. ட்வைஸுக்கு எளிதானது பெயர் வரிசை: இம் நயோன், யூ ஜங்யோன், மோமோ, சானா, பார்க் ஜிஹ்யோ, மினா, கிம் தாஹ்யுன், சோன் சேயங், சூயி. ஜப்பானிலிருந்து வந்த மூவருக்கும் தைவானிலிருந்து வந்த சூயிக்கும் குடும்பப் பெயர் சொல்வதில்லை, அதனால் தாளம் நடுவில் குட்டையாகி மறுபடி நீளும். அந்த இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நான் பஸ்ஸில் போகும்போது ஒரு வாரம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். பன்னிரண்டாயிரம் பேர் ஒரே மூச்சில் அதைச் சொல்லும்போது நெஞ்சுக்கூடு அதிர்கிறது, அதில் உங்கள் குரலும் இருக்க வேண்டும்.

எப்போது கத்தக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மெதுவான பாட்டிலும், அவர்கள் நின்று பேசும் 'மென்ட்' பகுதியிலும் பெயரைக் கூவாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் சொல்வது யாருக்கும் கேட்காமல் போகும்.

6. அன்றைய நாள்

மெர்ச் (டி-ஷர்ட் போன்ற குழுவின் பொருட்கள்) விற்கும் வரிசைக்குக் காலையிலேயே போங்கள், இல்லையென்றால் போகவே வேண்டாம், மதியத்துக்கு மேல் நல்ல அளவு எதுவும் மிஞ்சாது. கழற்றி மாட்டும் லென்ஸ் உள்ள கேமராவை எடுத்துப் போகாதீர்கள், வாசலிலேயே தடுப்பார்கள். நுரை இயர்பிளக் ஒரு ஜோடி போதும், விலை குறைவுதான், நான் ஏஸ்பா கான்சர்ட்டில் போடாமல் இருந்து மறுநாள் முழுக்கக் காதில் ரீங்காரம்.

வெளியே ரசிகர்கள் தாங்களே அச்சடித்த படங்கள், ஸ்டிக்கர்கள் எல்லாம் சும்மா கொடுப்பார்கள். வெறுங்கையோடு வாங்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் முறை போனபோது கோவில்பட்டிக் கடலை மிட்டாயைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, மேலே உறுப்பினர்களின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டி எடுத்துப் போனேன். ஐம்பது பொட்டலமும் அரை மணி நேரத்தில் தீர்ந்தன. ஏஸ்பா உறுப்பினர் வின்டரின் பெயரைத் தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு சிங்கப்பூர்த் தமிழ்ப் பையன் ஓடிவந்து பேசினான். இன்றும் அவனோடுதான் டிக்கெட் வரிசையில் நிற்கிறேன். ஆனால் கொடுக்கும்போது வேர்க்கடலை இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள், சிலருக்கு ஒவ்வாமை உண்டு.

முடிந்ததும் எல்லோரும் ஸ்டேடியம் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்குள்தான் புகுவார்கள். நீங்கள் காலாங் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள், கால் மணி நேரம்தான், அது வேறு தடம், கூட்டம் குறைவு. கடைசி ரயில் நேரத்தைப் போகுமுன்பே பார்த்து வையுங்கள், என்கோர் (கடைசியில் மறுபடி மேடைக்கு வந்து பாடுவது) எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊருக்குப் பெட்டி கட்டும்போது ஸ்டிக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். துணிகளுக்கு நடுவே பொத்தான் அழுந்தி, வீடு வந்து திறந்தபோது என்னுடையது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.