இது கர்த்தருடைய சத்தம்தானா? கேட்கவும் சோதித்தறியவும் பழகும் முறை

"ஜெபம் பண்ணி ஆண்டவரிடம் கேளுங்கள்" என்று சபையில் எல்லோரும் சொல்வார்கள். கேட்ட பிறகு மனதில் எழுவது அவருடைய பதிலா, நம் ஆசையா, பயமா என்று பிரித்தறியச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு. ஆலயத்திலேயே படுத்துத் தூங்கிய சாமுவேலுக்கே அது தெரியவில்லை. கர்த்தர் மூன்று முறை கூப்பிட்டபோதும் ஆசாரியனாகிய ஏலியிடம்தான் ஓடினான். சத்தம் அவன் காதில் விழுந்தது, யாருடைய சத்தம் என்பதுதான் புரியவில்லை. கண் மங்கிப்போன அந்த முதியவர் சொல்லிக்கொடுத்த பிறகே "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று பதில் கொடுத்தான். ஆகவே இது வரம் பெற்ற சிலருக்கு மட்டும் உரியது என்று ஒதுங்க வேண்டாம். பழகினால் வரும், பழகாமல் வராது.

கேட்பதற்கு முன்

எரேமியா 42-ஆம் அதிகாரத்தை முதலில் வாசியுங்கள். எருசலேம் விழுந்தபின் மீந்திருந்த ஜனங்கள் தீர்க்கதரிசியிடம் வந்து, நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதைக் கேட்போம் என்றார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: எகிப்துக்குப் போகாதீர்கள், இந்தத் தேசத்திலே இருங்கள். உடனே, "நீ பொய் சொல்லுகிறாய்" என்று எரேமியாவிடமே திரும்பினார்கள். ஏன் என்பதற்கான விடை முந்தின அதிகாரத்தின் 17-ஆம் வசனத்தில் இருக்கிறது. எகிப்துக்குப் போகப் புறப்பட்டு, பெத்லகேமுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே வந்து தங்கியிருந்தார்கள். மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் சித்தம் கேட்க வந்தார்கள்.

நாம் கேட்பதும் பெரும்பாலும் இப்படித்தான். அதனால் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: எந்தப் பதில் வந்தால் சந்தோஷப்படுவேன், எந்தப் பதில் வந்தால் நொறுங்கிப்போவேன். இரண்டாவது வரியைப் பார்த்து "சரி ஆண்டவரே" என்று சொல்ல முடியவில்லையானால், காரியத்துக்காக ஜெபிப்பதை நிறுத்திவிட்டு, அந்த மனதுக்காக ஜெபியுங்கள். அதற்கு ஒரு வாரமும் ஆகலாம். 19-ஆம் நூற்றாண்டில் பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர், தேவசித்தம் தேடும்போது முதலில் தன் சொந்த விருப்பத்தை அடக்குவதையே செய்தார். சிக்கலில் பத்தில் ஒன்பது பங்கு இங்கேதான் இருக்கிறது என்பது அவருடைய கணக்கு.

இன்னொன்று. சில காரியங்களுக்குச் சத்தம் தேவையே இல்லை. வாங்கிய கடனைத் திருப்பித் தரலாமா, பேசாமல் இருக்கும் தம்பியிடம் போய்ப் பேசலாமா என்று உபவாசம் இருந்து கேட்பது, கேட்டுக்கொண்டே காலம் கடத்துவதற்கு நல்ல வழி. எழுதியிருப்பதைச் செய்யுங்கள்.

தினமும் முப்பது நிமிடம்

ஒரே இடம், ஒரே நேரம். அச்சிட்ட வேதாகமம் ஒன்று, நூறு பக்க நோட்டு ஒன்று, ஒரு பேனா. கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். வேதாகமச் செயலியைத் திறப்பதற்குள் வாட்ஸ்அப் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும்.

முதல் மூன்று நிமிடம் சும்மா உட்காருங்கள். சமையல் எரிவாயு, மாதத் தவணை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். விரட்ட வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் குறித்து ஓரமாக வைத்துவிடுங்கள். எழுதிவிட்டால் மனது அதைத் திரும்பத் திரும்ப எடுத்துவராது. தூக்கம் வந்தால் எழுந்து நடந்துகொண்டே வாசியுங்கள், அதில் தவறில்லை.

அடுத்த பன்னிரண்டு நிமிடம் வாசிப்பு. அங்கொரு வசனம் இங்கொரு வசனம் என்று எடுக்காமல் ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை எடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மாற்கு நல்லது, 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒரே பத்தி. வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை. இரண்டாம் முறை வாசிக்கையில் எந்தச் சொல் உங்களை நிறுத்துகிறதோ அதில் நில்லுங்கள். வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதியாய் அவர் முன் இருத்தல் என்ற நான்கு படிகளை 12-ஆம் நூற்றாண்டில் கீகோ என்ற துறவி ஒழுங்குபடுத்தி எழுதினார். கத்தோலிக்கத் தியான இல்லங்களில் லெக்சியோ திவினா என்று இதைத்தான் கற்றுத்தருகிறார்கள். சபைப்பிரிவு எதுவானாலும் இது உதவும். பழைய மொழிபெயர்ப்பின் நடை புரியாத இடத்தில் 1995-இல் வந்த திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வசனம் முதலில் யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்பதைக் கேட்ட பிறகே எனக்கு என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வரும் விபத்துக்கு எரேமியா 29:11 நல்ல உதாரணம். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று சொல்லும் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாதத்தில் விசா வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அது பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள், இருக்கிற இடத்திலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கின்றன. வாக்குத்தத்தம் மெய்தான், ஆனால் அதோடு வந்த வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த பத்து நிமிடம் எழுதவும் ஜெபிக்கவும். தேதி, பகுதி, மனதில் பட்டது, செய்ய வேண்டியது ஏதாவது உண்டா என்பது. கூடவே உங்கள் நிலையையும் ஒரு சொல்லில் குறியுங்கள்: "இரவு தூங்கவில்லை", "மேலாளர்மேல் கோபம்", "பசி". கீழே நான்கு வரி காலியாக விடுங்கள், பின்னால் நடந்ததை எழுத. இந்தக் காலி இடம்தான் நோட்டின் உயிர். நம் ஞாபகம் பலித்ததை வைத்துக்கொண்டு பலிக்காததை மறந்துவிடும். நோட்டு மறக்காது. முப்பது நாள் கழித்து முதலிலிருந்து புரட்டுங்கள். மூன்று நான்கு முறை திரும்பி வந்த ஒரே விஷயம் எது, கோபமாய் இருந்த நாட்களில் மட்டும் வந்த "வெளிப்பாடு" எது என்று தானாகவே தெரியும்.

மீதி ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அது தோல்வியல்ல.

எந்தக் குரல் எது

காதில் விழும் சத்தமாக வருவது வெகு அபூர்வம். ஓரேப் மலையிலே எலியா தீர்க்கதரிசிக்குக் காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் வராமல், "அமர்ந்த மெல்லிய சத்தம்" ஒன்றே வந்தது. நமக்கு அது வாசித்த வசனம் சமயத்தில் நினைவுக்கு வருவதாக, ஒருவரைப்பற்றிய பாரமாக, செய்ய நினைத்த காரியத்தில் ஒரு தடுப்பாக வரும்.

ஆவியானவர் உணர்த்தும்போது காரியம் குறிப்பாக இருக்கும்: "நேற்று அவளிடம் சொன்னது பொய், போய்ச் சரிசெய்." வழியும் கூடவே இருக்கும். குற்றஞ்சாட்டும் குரலோ பனிமூட்டம்போல வரும்: "நீ எதற்கும் லாயக்கில்லை." அதற்கு வழி ஒன்றும் இருக்காது. அவசரப்படுத்துவதும் முகஸ்துதி செய்வதும் சந்தேகத்துக்குரியவை. "இன்றைக்கே ராஜினாமா செய், உன்னைப்போல் ஊழியக்காரன் இல்லை" என்று ஒரு எண்ணம் வந்தால் அன்றைக்கு ஒன்றும் செய்யாதீர்கள்.

"சமாதானம் இருக்கிறது, அதனால் இது தேவசித்தம்" என்பதுதான் நம் சபைகளில் அதிகமாய்ப் பிழைபடும் சோதனை. கர்த்தரைவிட்டு ஓடிய யோனா கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்துக்குள்ளேயே இருந்த இயேசு கெத்செமனேயில் மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டார். முடிவு எடுத்துவிட்டோம் என்ற நிம்மதியும் சமாதானம்போலவே இருக்கும். சமாதானத்தை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், ஒரே சாட்சியாக வேண்டாம். மனம் வறண்டிருக்கும் நாட்களில், தெளிவாய் இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்று இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா வகுத்த விதியும் இங்கே நன்றாகப் பொருந்தும்.

குறுக்குவழிகள்

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பது, மூன்று சீட்டு எழுதி ஜெபித்து ஒன்றை எடுப்பது, "மழை வந்தால் சம்மதம்" என்று அடையாளம் கேட்பது. சீட்டில் உள்ள கோளாறு என்னவென்றால், மூன்று வழியையும் எழுதியது நாம்தான். அவருடைய பதில் நான்காவதாய் இருந்தால்? அப்போஸ்தலர் ஒன்றாம் அதிகாரத்தில் யூதாசின் இடத்துக்குச் சீட்டுப்போட்டு மத்தியாவைத் தெரிந்தெடுத்தார்கள். ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு அப்படித் தெரிந்தெடுத்ததாய்ப் புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. பனி பெய்யும் அடையாளத்துக்காகக் கிதியோன் களத்தில் போட்ட ஆட்டுத்தோலும் சித்தம் அறியப் போட்டதல்ல. கர்த்தர் அவனை ஏற்கெனவே அனுப்பியிருந்தார், அவனுக்கு நம்பத்தான் முடியவில்லை. புதுவருஷ ராத்திரி ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையால் கெடுதல் இல்லை. அந்த வசனம் உள்ள அதிகாரம் முழுவதையும் ஜனவரியில் வாசித்துவிடுங்கள். அட்டையை வைத்து மனை மட்டும் வாங்காதீர்கள்.

சோதிப்பது

ஆனதோத்திலுள்ள நிலத்தை விற்க அவருடைய சிற்றப்பன் மகன் அனாமெயேல் வருவான் என்று கர்த்தர் எரேமியாவுக்குச் சொன்னார். அவனும் வந்தான். "அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்" என்று எரேமியா எழுதுவது அவன் வந்த பிறகுதான். அதன்பின்பே பதினேழு சேக்கலை நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, சாட்சி வைத்தார். அனுபவமுள்ள தீர்க்கதரிசியே கேட்டதற்கும் பணம் கொடுத்ததற்கும் நடுவில் ஓர் உறுதிக்குக் காத்திருந்தார்.

நஷ்டமில்லாத நன்மையானால் அன்றைக்கே செய்யுங்கள். விதவையான அத்தைக்கு ஒரு போன், கஷ்டத்தில் இருப்பவருக்கு ஐந்நூறு ரூபாய். தவறாக இருந்தாலும் யாருக்கும் கேடில்லை, காது பழகுவதும் இப்படிப்பட்ட சின்னக் கீழ்ப்படிதலில்தான். கல்யாணம், வேலையை விடுவது, சொத்து, முழுநேர ஊழியம் போன்றவற்றுக்குக் குறைந்தது ஒரு மாதமாவது ஆறப்போடுங்கள். மெய்யான சத்தம் ஒரு மாதத்தில் கெட்டுப்போகாது.

அந்த மாதத்தில் இரண்டு பேரிடம் சொல்லுங்கள். ஒருவர் வேதம் அறிந்தவர், மற்றவர் அந்தக் காரியம் அறிந்தவர். நிலம் என்றால் பத்திரம் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். இருவரும் உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர்களாய் இருக்க வேண்டும். உங்கள் முடிவால் லாபம் அடைகிறவர் ஆகாது. திருமணமானவர்கள் கணவனிடமோ மனைவியிடமோ மறைத்துக் கேட்ட வழிநடத்துதலை வழிநடத்துதலாகவே எண்ண வேண்டாம். துரோவாவில் தரிசனம் கண்டது பவுல் ஒருவர். ஆனால் அப்போஸ்தலர் 16:10-இல் கர்த்தர் எங்களை அழைத்தார் என்று நிச்சயித்துக்கொண்டது "நாங்கள்".

ஒருவர் வந்து தீர்க்கதரிசனம் சொன்னால்

1 இராஜாக்கள் 13 பயங்கரமான அதிகாரம். யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனுக்குப் பெத்தேலில் அப்பம் புசியாதே, தண்ணீர் குடியாதே, போன வழியாய்த் திரும்பாதே என்று தெளிவான கட்டளை இருந்தது. கிழவனான ஒரு தீர்க்கதரிசி, தூதன் தன்னிடம் வேறுவிதமாய்ச் சொன்னதாகப் பொய் சொல்லி அவனை வீட்டுக்கு அழைத்துப்போனான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. வயதும் பட்டமும் பார்த்துக் கட்டளையை மாற்றிக்கொள்ளக்கூடாது.

சொன்னதை அப்படியே, கூட்டிக் குறைக்காமல் நோட்டில் எழுதுங்கள். சொன்னவரின் ஊழியத்துக்கு உடனே காணிக்கை, யாரிடமும் சொல்லாதே, செய்யாவிட்டால் சாபம் என்று மூன்றில் ஒன்று வந்தாலும் எழுந்து போய்விடலாம். "ஆண்டவர் உன்னை எனக்குக் காட்டினார்" என்று ஒருவர் கல்யாணம் கேட்டால், அந்தப் பெண்ணுக்கும் ஆண்டவர் காட்டும்வரை அது செல்லாது. மற்றவர்கள் "நிதானிக்கக்கடவர்கள்" என்று பவுல் எழுதியிருக்கும்போது, சோதித்துப் பார்ப்பதை அவிசுவாசம் என்று சொல்கிறவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

செய்தி மெய்யாக இருந்தும் அதன் அர்த்தம் பிழைபடலாம். எருசலேமில் பவுலைக் கட்டுவார்கள் என்று அகபு என்ற தீர்க்கதரிசி சொன்னது ஆவியானவரின் வார்த்தை. "அப்படியானால் போகவேண்டாம்" என்பது செசரியாவில் கூடியிருந்தவர்களின் அன்பு. பவுல் போனார்.

இன்சுலினையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தச் சொல்லும் வார்த்தையை யார் சொன்னாலும் பின்பற்ற வேண்டாம். உறக்கமில்லாமல் நாட்கணக்காய்க் குரல்கள் கேட்டால், தன்னையோ பிறரையோ காயப்படுத்து என்று அது ஏவினால், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். போதகர் கூடவே போகலாம்.

ஒன்றும் கேட்காத காலத்தில்

கடைசியாய்த் தெளிவாய்த் தெரிந்ததைத் தொடர்ந்து செய்யுங்கள். பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரனான நெகேமியா, இடிந்துகிடந்த எருசலேமுக்காகக் கிஸ்லேவ் மாதத்தில் ஜெபிக்கத் தொடங்கினார். ராஜாவிடம் வாய்திறந்தது நிசானில், நான்கு மாதம் கழித்து. ராஜா கேட்டதும் எத்தனை நாளாகும், எந்த அதிபதிக்குக் கடிதம் வேண்டும், மரம் எங்கிருந்து வரவேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். காத்திருந்த மாதங்களில் கணக்குப் போட்டிருக்கிறார்.

பிழையாய்க் கேட்டோம் என்று தெரிந்தால் நோட்டில் அந்தக் காலி இடத்தில் எழுதி, யாரிடம் சொன்னோமோ அவர்களிடமே போய்த் திருத்த வேண்டும். தொடக்கத்திலிருந்தே "கர்த்தர் சொன்னார்" என்று முத்திரை குத்தாமல், "எனக்கு இப்படித் தோன்றுகிறது, நிதானித்துச் சொல்லுங்கள்" என்று பேசியிருந்தால் இது சுலபம். ஆலயம் கட்ட நினைத்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி, உம்முடைய இருதயத்தில் உள்ளதையெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று உடனே சொல்லிவிட்டார். அன்று ராத்திரி கர்த்தர் அவரிடம் வேறு சொன்னார். நாத்தான் திரும்ப அரமனைக்குப் போய், தான் சொன்னதற்கு மாறானதை ராஜாவிடமே சொன்னார்.